கரி பஸ்ஸில் ஒரு பாவ அறிக்கை

உண்மையைச் சொல்ல நல்ல மனசு மட்டும் இருந்தால் போதாது, நல்ல இடமும் வேண்டும். இது எனக்கு என் இருபத்தாறாவது வயதில், மல்லூர் தாண்டி ஒரு மேட்டில், ஒரு பஸ் நிறைய ஆட்கள் முன்னிலையில் தெரியவந்தது.

யுத்த காலம் அது. பெட்ரோல் தட்டுப்பாட்டால் பஸ்களெல்லாம் கரியில் ஓடின. (ஓடின என்பது மரியாதைக்குச் சொல்வது.) நான் நாமக்கல்லில் ஒரு மிஷன் ஆஸ்பத்திரியில் கம்பவுண்டர். ராசிபுரத்தில் பெண்கள் பள்ளியில் வாத்தியாரம்மாவாக இருந்த எஸ்தருக்கும் எனக்கும் நிச்சயம் ஆகியிருந்தது. ராசிபுரம் கோயிலில் மூன்று ஞாயிறு வாசிக்க வேண்டிய கலியாண அறிக்கையை இரண்டு ஞாயிறு வாசித்தாகிவிட்டது. ‘இந்தக் கலியாணத்துக்குத் தடை ஏதும் அறிந்தவர்கள் தெரிவிக்கலாம்’ என்று போதகர் சொல்லும்போதெல்லாம் சபையில் எனக்கு மட்டும் வியர்த்துக் கொட்டியது. தடையை அறிந்த ஒரே ஆள் நான்தானே!

நாலு வருடத்துக்கு முன்னால் நான் சேலத்தில் ஒரு மருந்துக் கடையில் வேலை பார்த்தேன். சாப்பாடு செவ்வாய்ப்பேட்டையில், மரகதம் என்பவள் நடத்திய சாப்பாட்டுக் கடையில். புருஷனை இழந்தவள், என்னைவிடக் கொஞ்சம் மூத்தவள். பழக்கம் சாப்பாட்டோடு நிற்கவில்லை. ஒரு மழைக்காலம் முழுக்க நீடித்தது. அப்புறம் அவள் அண்ணன் வந்து அவளை வாழப்பாடிக்குக் கூட்டிப் போய்விட்டார். நான் நாமக்கல் வந்து, மனம் திரும்பி, ஞாயிறு பள்ளியில் பிள்ளைகளுக்குப் பாடம் எடுக்கும் அளவுக்குப் பரிசுத்தன் ஆனேன். (அப்படி ஒரு நினைப்பு.)

இதை எஸ்தரிடம் சொல்லாமல் தாலி கட்டுவதில்லை என்று முடிவு செய்தேன். ஆனால் எப்போது சொல்வது? எங்கள் பேச்செல்லாம் ஆராதனை முடிந்ததும் கோயில் வாசலில், அவள் அம்மா கைக்கெட்டும் தூரத்தில் நிற்க நடக்கும். “சௌக்கியங்களா?” “சௌக்கியங்க.” இந்த இரண்டு வார்த்தைக்கு நடுவில் மரகதத்தை எங்கே நுழைப்பது?

கலியாணச் சேலை எடுக்க மூன்று பேரும் சேலம் போய்த் திரும்பிய அன்று வாய்ப்பு வந்தது. எஸ்தரும் அவள் அம்மாவும் முன் இருக்கையில், நான் பின்னால். அம்மா சேலைப் பொட்டலத்தை மடியில் கட்டிப் பிடித்துக்கொண்டு தூங்கிவிட்டார். பஸ் போட்ட சத்தத்தில் பக்கத்து ஆள் தும்மினாலே கேட்காது. இதைவிட ரகசியமான இடம் உலகத்தில் இல்லை என்று நினைத்தேன்.

“ஏனுங்க, உங்ககிட்ட ஒண்ணு சொல்லணுங்க,” என்று முன்னால் குனிந்தேன்.

“சொல்லுங்க.”

“நான் பழைய ஆதாமா இருந்த காலத்துல...”

“பழைய சாதங்களா? பசிக்குதுங்களா? பையில முறுக்கு இருக்குதுங்க.”

“அது இல்லீங்க. நான் மாம்சத்துல விழுந்துட்டேனுங்க.”

“விழுந்தீங்களா? எங்கீங்க? அடி பலமுங்களா?”

பாவத்தைப் பிரசங்கத் தமிழில் சொன்னால் எடுபடாது என்று புரிந்தது. மூச்சை நிறைய இழுத்து, நுரையீரலில் இருந்த அத்தனை பலத்தோடும் கத்தினேன்: “கலியாணத்துக்கு முன்னாடியே நான் ஒரு பொம்பளையோட வாழ்ந்திருக்கேனுங்க!”

‘கலியாணத்துக்கு’ என்று நான் சொன்னபோது பஸ் மேடு ஏற முக்கிக்கொண்டிருந்தது. ‘முன்னாடியே’ என்றபோது நின்றுவிட்டது. மிச்சம் அத்தனையும் நல்ல அமைதியில், தெள்ளத் தெளிவாக, கடைசி இருக்கை வரை போய்ச் சேர்ந்தது.

எஸ்தரின் அம்மா விழித்துக்கொண்டார். “என்ன சாமி, ராசிபுரம் வந்துருச்சா?”

நெய்த் தூக்கோடு உட்கார்ந்திருந்த ஒரு பெரியம்மா பதில் சொன்னார்: “இன்னும் வரலீங்க. உங்க மாப்பிள்ளை ஒரு சங்கதி சொன்னாருங்க, அதுல பஸ்ஸே நின்னு போச்சு.”

கண்டக்டர் பஸ்ஸின் பின்னால் இருந்த கரி அடுப்பைக் கிளறி விசிறியைச் சுற்ற ஆரம்பித்தார். எல்லோரும் இறங்கினோம். ரோட்டோரம் பெரிய பஞ்சாயத்தே கூடிவிட்டது. “சொன்னானே, அவன் யோக்கியன்,” என்று ஒரு கட்சி. “சொல்லாம இருந்தாத்தான் யோக்கியன்,” என்று இன்னொரு கட்சி. நெய்க்காரம்மாவிடம் முழு விவரமும் கேட்டுத் தெரிந்துகொண்ட என் வருங்கால மாமியார், “ஐயோ, சேலைய வேற எடுத்தாச்சே!” என்று அழுதார்.

எஸ்தர் என்னிடம் வந்தாள். முகத்தில் கோபமே இல்லை. அதுதான் என்னை அதிகமாகப் பயமுறுத்தியது.

“அவங்க இப்ப எங்கீங்க?”

“வாழப்பாடின்னு கேள்விங்க.”

“எப்படி இருக்காங்க?”

“தெரியலீங்க.”

“இத்தனை வருசத்துல ஒரு தடவை கூட விசாரிக்கலீங்களா?”

எனக்கு மன்னிப்பு வேண்டும் என்று தினமும் ஜெபத்தில் அழுதவன், அந்தப் பெண் சாப்பிட்டாளா, இருக்கிறாளா என்று ஒரு நாளும் நினைத்துப் பார்த்ததில்லை.

“போய்ப் பாத்துட்டு வாங்க,” என்றாள். “அவங்க அங்க கதி கெட்டுக் கெடந்தா, நான் எப்படிங்க கோயில்ல நின்னு சம்மதம்னு சொல்றது?”

வாழப்பாடிக்குப் போகும் வழியெல்லாம் அழுதுகொண்டே ஒரு பேச்சைத் தயாரித்தேன். அவள் இளைத்துப் போயிருப்பாள், என்னைப் பார்த்ததும் தூணைப் பிடித்துக்கொண்டு விம்முவாள் என்று நினைத்தேன். நேரில் பார்த்தால், பஸ் நிற்கும் இடத்திலேயே சேலத்துக் கடையைப் போல இரண்டு மடங்கு கடை! கல்லாவில் அவள் புதுப் புருஷன். உள்ளே சமையல்காரர்களை விரட்டிக்கொண்டிருந்தவள், நன்றாகச் சதை போட்டு, மூக்குத்தி மின்ன வெளியே வந்தாள்.

“உக்காருங்க. என்ன சாப்பிடறீங்க?”

“நான்தான்... சேலம்... மருந்துக் கடை...”

“அட, ராயப்பனா?”

“ராயப்பன் வேற ஆளுங்க.”

“அப்ப நீங்க யாரு?”

“ஞானமணி.”

நெற்றியைச் சுருக்கி வெகுநேரம் யோசித்தாள். பிறகு முகம் மலர்ந்தது. “ரசம் ஊத்தறப்போ ‘போதும் போதும்’னுட்டே கையை எடுக்காம இருப்பாரே, அவரா?”

என் வாழ்க்கையின் மாபெரும் பாவம் ரசத்தில் வந்து நின்றது. நான் மன்னிப்புக் கேட்டேன். “எதுக்கு?” என்று கேட்டவள், இரண்டு இட்லி கூடுதலாக வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

அடுத்த ஞாயிறு கோயில் வாசலில் எஸ்தரிடம் ஒன்றுவிடாமல் ஒப்பித்தேன். ராயப்பன் என்ற இடத்தில் அவள் சிரிக்க ஆரம்பித்தவள்தான், போதகர் ஜன்னல் வழியாக எட்டிப் பார்க்கும் வரை நிறுத்தவில்லை. அன்று மூன்றாம் அறிக்கை. நெய்க்காரம்மாவின் புண்ணியத்தில் ராசிபுரமே விஷயத்தை அறிந்திருந்தது. போதகர் ‘தடை’ என்றதும் சபை முழுதும் திரும்பி என்னைப் பார்த்தது. யாரும் வாய் திறக்கவில்லை. எஸ்தர் மட்டும் ஒருமுறை தொண்டையைக் கனைத்தாள். எனக்கு உயிர் போய் வந்தது.

கலியாணத்துக்குப் பிறகு ஆத்தூர்ப் பக்கம் போனபோது, மரகதத்தைப் பார்த்தே ஆகவேண்டும் என்று எஸ்தர்தான் வாழப்பாடியில் இறங்கினாள். இருவரும் சமையல்கட்டுக்குள் போனார்கள். நான் கல்லாவில் மரகதத்தின் புருஷனோடு மழையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தேன். உள்ளேயிருந்து சிரிப்பு வந்துகொண்டே இருந்தது.

திரும்பும்போது, “அவங்க நெசமாவே என்னை மறந்துட்டாங்களா? இல்ல, தெரியாத மாதிரி நடிச்சாங்களா?” என்று கேட்டேன்.

“தெரியுங்க. ஆனா சொல்ல மாட்டேன்,” என்றாள்.

பேரப்பிள்ளைகள் எடுத்துவிட்ட பிறகும் சொல்லவில்லை. ஒவ்வொரு கிறிஸ்துமஸ் பந்தியிலும் எங்கள் வீட்டில் இந்த வழக்கு விசாரணைக்கு வரும். மறந்தேவிட்டாள் என்று மகள். அப்பாவை யாராவது மறக்க முடியுமா என்று மகன். (சொத்தை அவனுக்கே எழுதலாம் போலிருக்கும்.) சண்டை உச்சத்துக்குப் போய் எல்லோரும் எஸ்தரைத் திரும்பிப் பார்ப்பார்கள். அவள் இலையைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே சாப்பிடுவாள்.