அபிப்பிராய வாரியத்தில் கவூமா

எங்கள் கம்பாலாவில் வாடகை மோட்டார் சைக்கிளுக்குப் பெயர் போடா-போடா. தமிழ்க் காதுக்கு வசவாகக் கேட்கும். ஏறி உட்கார்ந்துவிட்டால் பழகிவிடும். கூலி வண்டிக்குத்தான். ஓட்டுகிறவருடைய அபிப்பிராயம் இலவசம்.

எங்கள் நிறுத்தத்துக் கவூமாவின் அபிப்பிராயத்துக்காகவே காத்திருந்து ஏறுகிறவர்கள் உண்டு. நானும் ஒருத்தி. "வில்லன் சப்பாத்து பளபளன்னு இருந்தா, அவன் கடைசியில சேத்துலதான் சாவான்" என்பார். "பாட்டு ஆரம்பிச்சதும் தக்காளி விக்கிறவ தோள் அசையலேன்னா அது பாட்டில்லக்கா, அரசாங்க அறிவிப்பு" என்பார். வாழ்க்கையைப் பற்றியும் உண்டு: "வீஜே சிரிக்க வைக்கிறதுக்கு முன்னாடியே சிரிக்கிறவளைக் கட்டிக்காதே. அவளுக்கு எல்லாம் முன்னாடியே தெரிஞ்சிருக்கு."

வீஜே என்பவர் வீடியோக் கொட்டகையில் மைக்கோடு உட்கார்ந்து, வெளிநாட்டுப் படத்தை எங்கள் லுகாண்டா மொழியில் சொல்கிறவர். திரையில் ஒருவன் 'ம்' என்றால் போதும், அவன் மாமியார் வீட்டுச் சண்டை முழுவதையும் சொல்லிவிடுவார். எங்கள் பேட்டைக்கு வீஜே கபலகாலா. அவர் சொன்னதுதான் படம். படம் என்ன சொன்னது என்று நாங்கள் யாரும் விசாரித்ததில்லை.

இந்நிலையில், பொதுமக்கள் நலன் கருதி, அபிப்பிராயத் தர நிர்ணய வாரியம் அமைக்கப்பட்டது. சினிமா, சங்கீதம், வாழ்க்கை ஆகிய முப்பிரிவுகளில் அபிப்பிராயம் கூற விழைவோர் அந்தந்தப் பிரிவில் தேர்வு எழுதி அனுமதி பெற வேண்டும். பெறாதவர்கள் 'நல்லது', 'பரவாயில்லை' ஆகிய இரு சொற்களோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். மீறுகிற போடா-போடாக்காரருக்கு நிறுத்தத்தில் இடம் கிடையாது.

"விட்டுத் தொலையேன். வண்டி ஓட்டறதுக்கு வாய் எதுக்கு?" என்றேன்.

"அக்கா, வண்டி பெட்ரோல்ல ஓடுது. நான் இதுலதான் ஓடறேன். இந்த நெரிசல்ல வாயை மூடிக்கிட்டு உக்காந்தா வெடிச்சுருவேன்" என்றார் கவூமா. அவர் கண் கலங்கியிருந்தது.

சினிமாத் தேர்வு வீடியோக் கொட்டகையிலேயே நடந்தது. கவூமாவுக்குத் தைரியம் சொல்லப் பேட்டையே திரண்டு பின்னால் உட்கார்ந்தது. முன்வரிசையில் வாரியத் தலைவி திருமதி நலூபேகாவும் இரண்டு உறுப்பினர்களும்.

"இடைத்தரகர் தலையீடு அனுமதிக்கப்படாது" என்று வீஜேயின் மைக்கைப் பிடுங்கச் சொன்னார் தலைவி.

படம் ஓடியது. எந்த நாட்டுப் படமோ. பட்டு உடுத்திய கிழவர் ஒருவர் பந்தியில் உட்கார்ந்து எதையோ ருசி பார்த்தார், ஓர் இளைஞன் ஏதோ சொன்னான், எல்லோரும் அழுதார்கள். யாருக்கும் ஒரு வார்த்தை புரியவில்லை.

"உங்க அபிப்பிராயம்?" என்றார் தலைவி.

"ஒண்ணும் புரியலேம்மா."

தலைவி உறுப்பினர்களைப் பார்த்தார். அவர்கள் கூரையைப் பார்த்தார்கள். புரியாத படத்துக்கு மதிப்பெண் போடுவது எப்படி? அவசரக் கூட்டம் கூடி, இடைத்தரகர் தலையீட்டை 'தொழில்நுட்ப விளக்கம்' எனப் பெயர் மாற்றி, மைக்கைத் திருப்பிக் கொடுத்தார்கள்.

வீஜே கபலகாலா தொண்டையைக் கனைத்துக்கொண்டார். படம் முதலிலிருந்து ஓடியது.

"இந்தக் கிழவர்தான் ராஜா. என்ன சொல்றார்? 'இன்னிலேருந்து என் நாட்டுல வேர்க்கடலைக் குழம்புல உப்பில்லைன்னு எவனும் அனுமதி இல்லாம சொல்லக் கூடாது!' இந்தப் பையன் பாவம், வாயைத் திறந்துட்டான். 'ராஜா, உப்பில்ல.' போச்சு! பாருங்க, அவன் அம்மா எப்படி அழறா!"

கொட்டகையே மூக்கைச் சிந்தியது. தலைவி கைக்குட்டையை எடுத்தார்.

"என்ன அக்கிரமம்! சாப்பிட்டவன் உப்பில்லைன்னு சொல்லக் கூடாதா?"

"நல்லவேளை மேடம், நம்ம நாட்டுல அப்படியெல்லாம் இல்ல" என்றார் ஓர் உறுப்பினர்.

விளக்குப் போட்டார்கள். திரை அணைந்தது. "இப்ப சொல்லுங்க" என்றார் தலைவி, கண்ணைத் துடைத்தபடி.

கவூமா எழுந்தார். 'நல்ல படம்' என்று சொல்லிவிட்டு உட்காரய்யா என்று என் மனசு அடித்துக்கொண்டது. அவர் என்றைக்கு அப்படிச் சொல்லியிருக்கிறார்?

"அம்மா, அந்த ராஜா நீங்கதான்."

மூவரும் குசுகுசுவென்று பேசினார்கள். கோபமே இல்லை, அதுதான் பயமாக இருந்தது.

"கருத்து ஆழமாத்தான் இருக்கு. ஆனா இது சினிமாத் தேர்வு. நீங்க சொன்னது வாழ்க்கையைப் பத்தி. அது வேற பிரிவு, அதுக்கு வேற விண்ணப்பம். பிரிவு மாத்திப் பேசினதால தேறலை. இனிமே 'நல்லது', 'பரவாயில்லை'. சரியா?" என்றார் தலைவி.

கவூமா உதட்டைக் கடித்துக்கொண்டார். "பரவாயில்லை" என்றார்.

பின்னாலிருந்து எங்கள் கூட்டம் மொத்தமும் "அநியாயம்!" என்று கத்தியது. நானும்தான் கத்தினேன்; அடிவயிற்றிலிருந்து கத்தினேன்.

தலைவி மெதுவாகத் திரும்பினார்.

"அது ஒரு அபிப்பிராயம். அனுமதி உள்ளவங்க யாரு? யாரு கத்தினது?"

கொட்டகை நிறைய ஆட்கள். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். முன்கூட்டிப் பேசி வைத்ததுபோல எல்லோரும் சேர்ந்து அணைந்து கிடந்த திரையைக் காட்டினோம்.

"படத்துலம்மா" என்றோம்.

"அப்படியா, நல்லது" என்று தலைவி எழுந்து போனார்.

கவூமா திரும்பி எங்கள் எல்லோரையும் நிதானமாகப் பார்த்தார். எங்களைப் பற்றி அவருக்கு ஓர் அபிப்பிராயம் இருந்திருக்கும். அனுமதி இல்லாததால் சொல்லவில்லை.