வரிக்கு முன்னால் வைத்த புள்ளி

பதினோரு வருடமாக ஒரு கதையை நம்புவதா வேண்டாமா என்று தவித்துக்கொண்டிருந்தேன். சொன்னவள் என் மனைவி. "உங்க எழுத்துல கையே வைக்கலைங்க. வரிக்கு முன்னாடி புள்ளி மட்டும்தான் வச்சேன்."

அப்போது நான் வேலை பார்த்த கிடங்கை மூடிவிட்டார்கள். இனி சாய்வு நாற்காலிதான் வாழ்க்கை என்று மனதுக்குள் சபதம் எடுத்தேன். அதே கூடத்தில் மனைவி பிள்ளைகளுக்கு டியூஷன் எடுப்பாள். அவள் கேட்கும் கேள்விகளுக்கெல்லாம் நாற்காலியிலிருந்து நான் பதில் சொன்னேன். இரண்டாம் நாளே அவள் முகம் மாறியது.

"ஏங்க, மருந்து கம்பெனியில ஸ்டோர் கீப்பர் வேலை காலியாம். பயோடேட்டா எழுதுங்க."

"எழுதிட்டாப் போச்சு."

"பாயிண்ட் பாயிண்டா எழுதணும். என்ன செஞ்சீங்க, அதனால என்ன ஆச்சு. ஒரு பாயிண்டுக்கு ஒரு விஷயம். பத்தி பத்தியா எழுதினா படிக்கிறவங்களுக்குக் கண்ணு சொக்கிடும்."

சொக்கட்டும். எனக்கு வேண்டியதும் அதுதானே!

மறுநாள் தொடங்கி மூன்று நாளில் நான்கு பக்கம் எழுதினேன். ஒவ்வொரு வாக்கியமும் முடிவதற்குள் எனக்கே மூச்சு வாங்கியது. கிடங்கின் தனிமை பற்றி மட்டும் ஒன்றரைப் பக்கம். அந்த மூன்று நாளும் டியூஷன் அமைதியாக நடந்தது. பதினான்காம் தேதி, எங்கள் கல்யாண நாள். பரிசு மாதிரி நீட்டினேன். அவள் கையில் வைத்து எடை பார்த்தாள்.

"நானே டைப் அடிச்சு அனுப்பிடறேன்."

பதினாறாம் தேதி நேர்முகத்துக்குக் கூப்பிட்டுவிட்டார்கள்!

மேலாளர் கையில் ஒரே ஒரு தாள். ஆறே ஆறு புள்ளிகள்.

"பத்தொன்பது வருஷத்துல ஒரு பெட்டிகூடத் தொலையலையா, சார்?"

நிறையத் தொலைந்தது என்று சொல்லியிருந்தால் நாற்காலி பிழைத்திருக்கும். மானம் விடவில்லை. "ஒண்ணுகூட இல்ல, சார்!" என்று நெஞ்சை நிமிர்த்தினேன். தொலைந்தேன்.

வீட்டுக்கு வந்து கேட்டேன். "பெட்டி விஷயத்தை நான் எழுதவே இல்லையே?"

"மூணாம் பக்கத்துல, தனிமைக்குக் கீழ இருந்துச்சே! இருந்த நீளத்துக்கு உங்களுக்கே மறந்திருக்கும்."

எழுதியிருப்பேனோ? பதினோரு வருடம் இதுவே குடைந்தது.

போன வாரம் அலுவலகத்தில் பழைய கோப்புகளை வேறு அறைக்கு மாற்றினோம். என் கோப்பு என் கையிலேயே சிக்கியது. அதே ஆறு புள்ளித் தாள். மூலையில், வந்து சேர்ந்த தேதிக்கான முத்திரை. அதே மாதம், பதினொன்று. நான் பேனா மூடியைத் திறப்பதற்கு முந்தின நாள்.

சண்டை போடுவதென்றுதான் வீட்டுக்குப் போனேன். அவள் நிமிராமல் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தாள். வழியெல்லாம் சேர்த்துவைத்த கோபத்தில் வாய்க்கு வந்தது ஒன்றுதான்.

"ஏம்மா, அந்த நாலு பக்கத்தை நீ படிக்கவாவது செஞ்சியா?"