ஒரே கைக்கு இரண்டு நாடி

உயிர்ச்சக்தியின் விலை நாலாயிரத்து எண்ணூறு. பன்னிரண்டு அமர்வுக்கும் சேர்த்து முன்பணமாகக் கட்டினால் நாலாயிரம். வாசலில் நின்று முனகி, பர்ஸைத் திறந்து மூடி, "அப்புறம் வர்றேங்க" என்று இரண்டு படி இறங்கினால் மூவாயிரத்து ஐந்நூறுக்கும் படிந்தது. உடம்புக்குள் ஓடும் உயிருக்கும் தள்ளுபடி உண்டு என்பது எங்கள் கடைத்தெருவுக்கு அப்போதுதான் தெரிந்தது.

விற்றவர் ஊசி மாஸ்டர். துணிக்கடைக்கு மேல்மாடியில் 'பன்னிரு நதி நலமையம்' என்று பலகை மாட்டியிருந்தார். உடம்பில் பன்னிரண்டு நதிகள் ஓடுகின்றனவாம். நோய் என்பது அதில் விழுந்த அடைப்பாம். ஊசி குத்தி அடைப்பெடுப்பாராம். தெருமுனையில் சாக்கடை மாதக்கணக்கில் அடைத்துக் கிடந்தது. அதற்காக ஒருவரும் வரிசையில் நிற்கவில்லை.

மாஸ்டர் சீனத்து மலைக்குகையில் பயின்றவர் என்று பேச்சு. அந்த மாடியில் சீனத்திலிருந்து வந்ததற்கு அத்தாட்சி உள்ள ஒரே பொருள் சுவர்க்கடிகாரம். அதுவும் நின்றுபோயிருந்தது.

ஆனாலும் கூட்டமோ கூட்டம். வட்டிக்கடைக்காரர் காதில் ஊசியோடு வட்டி வசூலித்தார். தையல்காரர் முதுகில் கண்ணாடிக் குப்பிகளைக் கவிழ்த்து உறிஞ்சியெடுத்ததில் வட்டவட்டமாய்க் கன்றிப்போயிருந்தது. யாரோ அவர் முதுகை மேஜை என்று நினைத்துச் சூடான டீ கிளாஸ்களை வைத்துவிட்டுப் போனதுபோல. "கெட்ட ரத்தமெல்லாம் வெளிய வந்துடுச்சுங்க" என்று சட்டையைத் தூக்கிக் காட்டுவார். வெளியே வந்தது எங்கே போயிற்று என்று கேட்பாரில்லை.

புதியவர்களுக்கு முதல் நாடி இலவசம். அதுதான் தூண்டில். கூடத்தின் கோடியில் ஒரு திரை, திரையில் ஒரு துளை. மணிக்கட்டில் பட்டுத்துணியைச் சுற்றிக்கொண்டு கையை உள்ளே நீட்ட வேண்டும். அந்தப் பக்கம் மாஸ்டர் கண்ணை மூடி மூன்று விரல் வைப்பார். முகத்தைப் பார்த்தால் இரக்கம் வந்துவிடுமாம், இரக்கம் வந்தால் நாடி பொய் சொல்லுமாம். ஒரு கேள்வி கேட்கமாட்டார். உன் நோய், உன் கடன், உன் மாமியார் சண்டை எல்லாம் கூடமே கேட்கும்படி அவர் வாயிலிருந்து தானாகக் கொட்டும்.

ஆணிக்கடைக்காரர் அதில்தான் விழுந்தார். சாதாரண ஆளல்ல. ஒரு மூட்டை ஆணி வந்தால் அடிவரை கையைவிட்டுத் துழாவுகிறவர். நீட்டிய நோட்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்த பிறகுதான் "வாங்க" என்பார். சொந்த மைத்துனன் கொடுத்த நோட்டானாலும் அப்படித்தான். அவருக்கு வெகுகாலமாகச் சர்க்கரை, தினமும் இன்சுலின். அவர் கையைப் பிடித்த மாஸ்டர் சொன்னார்:

"சர்க்கரை. பல வருஷம். இடது பாதம் மரத்துக் கிடக்கு. தம்பிகூடக் கடையைப் பிரிச்ச வருத்தம் கல்லீரல்ல தேங்கி நிக்குது."

ஆணிக்கடைக்காரர் அங்கேயே அழுதுவிட்டார். "தம்பி விஷயம்கூட நாடியில ஓடுதும்மா!" என்று மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டார். மறுநாள் முன்பணம் கட்டினார். "ரெண்டு ஊசி ஒரே உடம்புல இருந்தா சண்டை போட்டுக்கும்" என்று மாஸ்டர் சொன்னதும், இன்சுலின் குப்பைக்கூடைக்குப் போயிற்று.

மூன்றாம் அமர்வில் மாஸ்டர் ஒரு மூலிகைச் சுருட்டைப் பற்றவைத்து, அந்த மரத்த பாதத்தின் பெருவிரலருகே பிடித்தார்.

"சூடு தெரியுதா?"

"தெரியலைங்க."

இன்னும் கிட்டே கொண்டுபோனார். "இப்போ?"

"கொஞ்சம்கூட இல்லைங்க."

"பாத்தீங்களா! உள்ள இருக்கிற குளிர் சூட்டைக் குடிக்குது. குணமாகுது!"

கூடம் கைதட்டியது. மரத்த காலுக்குச் சூடு எப்படித் தெரியும் என்று யோசிக்க அங்கே ஒரு தலையும் ஒழிவாக இல்லை. எல்லாத் தலையிலும் ஊசி இருந்தது.

வீட்டில் காலுறையைக் கழற்றியபோது மனைவி பார்த்தார். பெருவிரலில் கொப்புளம். சில நாளில் அது உடைந்து, ஓரம் கறுத்து, வாடை வந்தது.

"ஏங்க, ஆஸ்பத்திரிக்குப் போயிரலாங்க."

"நஞ்சு வெளிய வருதாம். மாஸ்டர் சொல்லிட்டாரு."

"நஞ்சு வரலை. விரல் போகுது."

"உனக்கு எதுலயும் சந்தேகம்தான்."

கல்லாவில் உட்கார்கிற அம்மா அவர். சந்தேகம்தான் அவர் தொழில். அடுத்த அமர்வுக்குக் கூடவே போய்க் கூடத்தில் உட்கார்ந்தார். எதிர் வரிசையில் கழுத்தில் பட்டை கட்டிய ஓர் அம்மா, புதிதாய் வந்த எலக்ட்ரீஷியனிடம் குழைந்துகொண்டிருந்தார்.

"நானும் இன்னைக்குத்தான்பா முதல் தடவை வர்றேன், பயமா இருக்கு. உனக்கு என்ன பண்ணுது?"

கல்லா அம்மாவுக்குச் சுரீரென்றது. முதல் நாள் தன் பக்கத்தில் உட்கார்ந்து இதே பட்டையோடு, இதே பயத்தோடு, "நானும் இன்னைக்குத்தான் முதல் தடவை" என்றவர் இவர்தான். சர்க்கரை, மரத்த பாதம், கொழுந்தனோடு பாகப்பிரிவினை, எல்லாவற்றையும் அவரிடம் ஒப்பித்தது தான்தான்.

எலக்ட்ரீஷியன் கதை முடிந்ததும் கழுத்துப்பட்டை எழுந்தது. "தொண்டை காயுதுப்பா, உள்ள போய்த் தண்ணி குடிச்சிட்டு வர்றேன்." ஒவ்வொரு புது நாடிக்கு முன்னாலும் அந்த அம்மாவுக்குத் தாகம் எடுத்தது. உடம்பில் பன்னிரண்டு நதி ஓடியும் தீராத தாகம்.

வீட்டுக்கு வந்து கணவரிடம் சொன்னார். அவர் நம்பவில்லை.

"சரி, கடைக்குப் புதுத் தராசு வந்தா எப்படிச் சோதிப்பீங்க?"

"ஒரே சரக்கை ரெண்டு தட்டுலயும் மாத்தி மாத்தி வெச்சுப் பார்ப்பேன். அதுக்கென்ன?"

"மாஸ்டரையும் அப்படிப் பார்ப்போம். உங்க கை ஒண்ணு, டோக்கன் ரெண்டு. சரியா வந்துச்சுன்னா நானும் முன்பணம் கட்டிப் படுத்துக்கறேன். வேற வேற எடை காட்டுச்சுன்னா அப்படியே ஆஸ்பத்திரி."

இரண்டு பக்கமும் லாபமுள்ள பேரம். வியாபாரி ஒத்துக்கொண்டார்.

கல்லா அம்மாவின் தங்கை வந்து இரண்டு புது டோக்கன் வாங்கினாள். கழுத்துப்பட்டை பக்கத்தில் வந்து உட்கார்ந்தது.

"ஒண்ணு எங்க மாமாவுக்குங்க, சிறுநீரகத்துல கல்லு. ஒண்ணு எனக்கு. கல்யாணமாகி ஆறு வருஷமாச்சு, குழந்தை இல்லை."

"ஐயோ, கண்ணு!" என்றது பட்டை. உடனே தாகமெடுத்து உள்ளே போயிற்று.

திரைக்குப் பின்னாலிருந்து மாஸ்டர் முதல் டோக்கனைக் கூப்பிட்டார். ஆணிக்கடைக்காரர் பட்டுத்துணியைச் சுற்றிக்கொண்டு கையை நீட்டினார்.

"கல்லு. சிறுநீரகத்துல கல்லு. நீர் நதி அடைச்சிருக்கு."

ஆணிக்கடைக்காரரின் முகம் செல்லாத நோட்டைப் பார்த்ததுபோல் ஆயிற்று. சர்க்கரை எங்கே? தம்பி எங்கே?

அடுத்த டோக்கன். அவர் கையை உருவி, மறுபடி அதே கையை நீட்டினார். தாகம் தீர்ந்து வெளியே வந்த கழுத்துப்பட்டை அதைப் பார்த்துவிட்டு இருமியது. மேலும் மேலும் இருமியது. மாஸ்டர் ஆழ்ந்த தியானத்தில் இருந்தார்.

"அழாதேம்மா," என்றார் மாஸ்டர், குரலில் தேன் சொட்ட. "கர்ப்பப்பை குளிர்ந்து கிடக்கு, அவ்வளவுதான். பன்னிரண்டு அமர்வு. அடுத்த வருஷம் உன் மடியில குழந்தை."

முதலில் தையல்காரருக்குத்தான் சிரிப்பு வெடித்தது. முதுகு வலிக்க வலிக்கச் சிரித்தார்.

ஆணிக்கடைக்காரர் திரையைப் பிடித்து இழுத்தார். மாஸ்டர் கண்ணைத் திறந்தார். எதிரே கர்ப்பவதி, நரைத்த மீசையோடு நின்றிருந்தாள்.

"பையனா பொண்ணான்னும் நாடியில சொல்லிருங்க மாஸ்டர். தொட்டில் செய்ய எங்க கடையிலேயே ஆணி இருக்கு."

அதற்குமேல் யாரும் நாடி பார்க்கவில்லை, பணப்பெட்டியைத்தான் பார்த்தார்கள். மாஸ்டர் அடைப்பே இல்லாமல் முன்பணத்தைத் திருப்பிக் கொடுத்தார். ஆணிக்கடைக்காரர் ஒவ்வொரு நோட்டையும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து வாங்கிக்கொண்டு, மனைவியிடம் ஒத்துக்கொண்டபடியே ஆஸ்பத்திரிக்குப் போனார்.

"பெருவிரலை எடுத்தாகணும்," என்றார் டாக்டர். "இன்னும் கொஞ்சம் விட்டிருந்தா பாதமே போயிருக்கும்."

மாடியில் இப்போது பலகை இல்லை. பேருந்து நிலையத்துப் பக்கம் காந்தப் படுக்கை வைத்தியம் என்று புதிதாக ஒன்று வந்திருக்கிறது. புதியவர்களுக்கு முதல் படுக்கை இலவசம். அங்கே ஓர் அம்மா இடுப்பில் பட்டை கட்டிக்கொண்டு, "நானும் இன்னைக்குத்தான் முதல் தடவை" என்கிறாராம். வரிசை தெருவைத் தாண்டி நிற்கிறது. போகிறவர்கள் போகலாம். ஒரு கிலோ ஆணி வாங்கும்போது வருகிற சந்தேகத்தில் கால்வாசியையாவது கையில் எடுத்துக்கொண்டு போங்கள். அதற்கு முன்பணம் வேண்டாம்.

ஆணிக்கடைக்காரர் மறுபடி இன்சுலின் போட்டுக்கொண்டு, இடது காலைக் கொஞ்சம் சாய்த்து வைத்துக் கடைக்கு வருகிறார். கணக்கு எப்படி என்று கேட்டால் சொல்வார்: கொடுத்தது மூவாயிரத்து ஐந்நூறு, திரும்ப வந்தது மூவாயிரத்து ஐந்நூறு. வரவேண்டிய பாக்கி, கால் பெருவிரல் ஒன்று.