யௌவனக் கணக்கில் ஒரு ஏரியல்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அந்த ஏரியலில் என் கணக்கு தப்பவில்லை. அன்றிலிருந்து இதைச் சொல்லிவருகிறேன். வீட்டில் ஒருவரும் நம்பத் தயாராக இல்லை.

திருவிதாங்கூர்-கொச்சிக் காலம். இராஜாக்கமங்கலத்தில் நான் சயன்ஸ் வாத்தியார். அமெச்சூர் ரேடியோ லைசென்ஸ் வைத்திருந்தேன் (உலகமே என் பேச்சுக்குக் காத்திருப்பதாக நினைப்பு). புதுக்கடையில் பெண் பார்த்திருந்தார்கள். பெண்ணின் அண்ணன் மலாயாவில் இருந்தான், அவனும் ரேடியோக்காரன். பெண்ணின் அப்பா ஒரே நிபந்தனைதான் போட்டார்.

“எம் மவன் சத்தம் கேட்டு மூணு வருசமாச்சு சாரே. அதக் கேக்க வையுங்க. பொறவு நாள் குறிக்கலாம்.”

பெண்ணை எனக்கு மிகவும் பிடித்திருந்தது. அதனால் கிழக்கு நோக்கி மட்டும் பேசும் ஏரியல் கட்டத் துணிந்தேன். மூன்று நீள மூங்கில், ஒவ்வொன்றிலும் முனைக்கு முனை செம்புக் கம்பி. மேற்கே உள்ளது நீளம், நடுவில் உள்ளது அதைவிடக் குறைவு, கிழக்கே உள்ளது குட்டை. குட்டை எந்தப் பக்கமோ சத்தம் அந்தப் பக்கம் போகும். அங்குலம் வரை எழுதி ஊர்த் தச்சு ஆசாரியிடம் கொடுத்துவிட்டுப் பள்ளிக்கூடம் போனேன். திரும்பி வந்தபோது கூரைக்கு மேலே கம்பத்தில் ஏரியல் நின்றது. அளந்து பார்த்தேனா? எங்கே, ஊரை அழைக்கவே நேரம் போதவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பெண்ணின் அப்பா வந்தார், பின்னால் பாதிப் புதுக்கடையும் வந்தது. தொண்டை வறள மலாயாவைக் கூப்பிட்டேன். ஒரு மணி நேரம் கழித்துக் கணீரென்று பதில் வந்தது, நேர் மேற்கே ஏடனிலிருந்து, ஒரு வெள்ளைக்காரன்.

“இது எம் மவன் இல்லியே,” என்றார் அவர், பொறுமையாக.

ஆசாரியைப் பிடித்தேன். “அளவ மாத்தினீரா?”

“மாத்தாம? சாரு எழுதுன ரெண்டு அளவும் மரணத்துலல்லா விழுந்துது. கெழக்க உள்ளத நீட்டி, மேக்க உள்ளத வெட்டி, யௌவனத்துல நிறுத்தினேன்.”

(பால்யத்தில் தொடங்கி மரணத்தில் முடியும் ஐந்து பருவங்களில் ஒன்றில் எந்த நீளமும் விழுமாம். வீட்டு உத்தரத்துக்குப் பார்க்கிற கணக்கு.)

“செம்புக் கம்பிக்கு ஏதுவே யௌவனம்?” என்று குதித்தேன்.

“ஆசாரி செஞ்சதுல என்ன தப்பு? கல்யாணக் காரியமுல்லா,” என்றார் பெண்ணின் அப்பா. அநியாயம் இல்லையா இது?

ஆசாரி தலையைச் சொறிந்தார். “சத்தம் மேக்க போவுதுன்னா, கம்பத்தத் திருப்பி வச்சா போதுமே.”

எனக்கு ஏன் அது தோன்றவில்லை என்று கேட்காதீர்கள். ஆறு பேர் சேர்ந்து திருப்பினார்கள். கால் மணி நேரத்தில் “அப்பா” என்றது பெட்டி. அவர் துண்டால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். எனக்கும் கண் கலங்கியது. துண்டை எடுத்ததும் எழுந்துபோய் ஆசாரியின் கையைப் பிடித்துக்கொண்டார். கல்யாணத்தில் முதல் வெற்றிலையும் ஆசாரிக்குத்தான்.

இன்றும் நான் ஆத்திரத்தோடு இந்த நியாயத்தை எடுத்துச் சொல்லத் தொடங்கினால், என் மனைவி மகனைப் பார்த்துச் சொல்வாள்:

“அப்பாவக் கொஞ்சம் திருப்பி வை மக்கா.”