மணி எண்ணும் மாமனார்

மணி எண்ணிகள் என்றொரு இனம் நம்மிடையே வாழ்கிறது. பார்த்தால் அடையாளம் தெரியாது. எல்லோரையும் போலச் சட்டை போட்டுக்கொண்டு, வேலைக்குப் போய், வாடகை கட்டி, நல்லவர்களாகவே இருப்பார்கள். அவர்கள் வீட்டுத் தொலைபேசி ஒருமுறை அலற வேண்டும், அப்போது சாயம் வெளுக்கும். மற்ற வீடுகளில் போன் அடித்தால் என்ன நடக்கும்? அடுப்பை அணைத்துவிட்டு ஒருத்தி, இடுப்பில் துண்டோடு ஒருவன், மாடியிலிருந்து இரண்டிரண்டு படியாகத் தாவிக்கொண்டு இன்னொருவன் என்று வீடே விழுந்தடித்து ஓடிவரும். மணி எண்ணி வீட்டில் யாரும் ஓட மாட்டார்கள். நின்ற இடத்தில் நின்று விரலை மடக்குவார்கள். மணி ஓயும். "ரெண்டு," என்பார் குடும்பத் தலைவர். "எங்க அண்ணன் சாப்பாட்டுக்கு வரல." அவ்வளவுதான், சேதி வந்து சேர்ந்துவிட்டது. எடுத்தால்தானே காசு?

அந்த இனத்தில் முற்றிப் பழுத்த ஒருவரைப் பாருங்கள். மின்விசிறித் தொழிற்சாலை ஒன்றில் சரக்கறை அவர் பொறுப்பு. அதனால் தெருவில் அவருக்கு ஸ்டோர் கீப்பர் என்றே பெயர். திருகாணி கேட்டு யாராவது வந்தால், பழைய திருகாணியை வாங்கி வெளிச்சத்தில் பிடித்து, அது உண்மையிலேயே உயிரை விட்டுவிட்டதா என்று பார்த்த பிறகுதான் புதியதைக் கொடுப்பார். அதற்காக அவரைக் கஞ்சன் என்றால் வாய் வெந்துவிடும். வீட்டுக்கு வந்தவரைச் சாப்பிடாமல் அனுப்ப மாட்டார். தங்கையின் கடனைத் தன் தலையில் போட்டுக்கொண்டு அடைத்தவர். பேச்சுக்குக் காசு கொடுப்பது என்றால் மட்டும் அவருக்கு வயிறு எரியும்.

"சாப்பாடு வயித்துக்குள்ள போகுது. பேச்சு எங்க போகுது? கம்பி வழியா எவன் வீட்டுக்கோ போகுது," என்பார்.

அப்படிப்பட்டவர் வீட்டில் போன் எப்படி வந்தது? ஒரே மகளைக் கட்டிக்கொடுத்த ஊர், பஸ்ஸில் ஒரு பகல் முழுக்கப் போக வேண்டிய தூரம். பெண்ணின் குரலையாவது கேட்க வேண்டும் என்று மனைவி பிடித்த பிடியில், வேறு வழியில்லாமல் வாங்கினார். வாங்கியவர் அதை ஒரு மரப்பெட்டிக்குள் வைத்துப் பூட்டினார். மணியோசை வெளியே வர மட்டும் பெட்டியின் பக்கவாட்டில் துளை போட்டார். சாவி சட்டைப் பையில். குளிக்கும்போது சாவி சோப்புப் பெட்டியில்.

பிறகுதான் குறியீடு பிறந்தது. ஒரு மணி அடித்து நின்றால், எல்லோரும் நலம். இரண்டு என்றால் சாப்பாட்டுக்குக் காத்திருக்க வேண்டாம். ஐந்து என்றால் பணம் வேண்டும். ஐந்தை மட்டும் அவர் யாருக்கும் சரியாகச் சொல்லிக்கொடுக்கவில்லை. மகளும் மாப்பிள்ளையும் விருந்துக்கு வந்தபோது மாப்பிள்ளையைத் தனியே அழைத்துப் போனார். மாப்பிள்ளை பள்ளிக்கூடத்தில் பாட்டு வாத்தியார், கணக்கில் கொஞ்சம் மந்தம். மாமனார் ஏதோ மனம்விட்டுப் பேசப்போகிறார் என்று கண் கலங்க நின்றவரிடம், மணிக் கணக்கை ஒப்பிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டுத்தான் விட்டார்.

"மாப்பிள்ளை காசு செலவு பண்ணி மாப்பிள்ளை பேசறார். எடுத்தா நமக்கு என்னங்க நஷ்டம்?" என்று மனைவி ஒருநாள் கேட்டாள்.

"மாப்பிள்ளை காசு யார் காசு? நம்ம பொண்ணு காசு. பொண்ணு காசு யார் காசு?"

அவள் அடுப்பைக் கவனிக்கப் போய்விட்டாள். சொல்லி என்ன ஆகப்போகிறது?

குறியீட்டில் கோளாறு வராமலும் இல்லை. ஒருநாள் அண்ணன் குடும்பம் சாப்பிட வருவதாக இருந்தது, இரண்டு மணி வந்தது. சரி, வரவில்லை என்று இவர்கள் சாப்பிட்டுக் கையைக் கழுவினால், வாசலில் அண்ணன் குடும்பத்தோடு பசியாக நிற்கிறார். "ஒண்ணுதானேடா அடிச்சேன்," என்றார் அண்ணன். அவருக்கு எண்ணத் தெரியவில்லை என்று ஸ்டோர் கீப்பர் முடிவு கட்டினார். அண்ணன் வங்கியில் காசாளராக இருந்து ஓய்வு பெற்றவர்.

இவர் வாயே திறக்க மாட்டார் போலிருக்கிறது என்று நினைத்துவிடாதீர்கள். பேசுவார். மணிக்கணக்கில் பேசுவார். தொலைபேசி அலுவலகத்தின் உதவிப் பிரிவுக்கு மட்டும். ஏனென்றால் அந்த எண்ணை அழைக்கக் காசு கிடையாது. ஞாயிற்றுக்கிழமை வந்தால் பெட்டியைத் திறந்து, நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து சுழற்றுவார். அங்கே அவருக்கென்று ஒரு அம்மாள் உண்டு. வேறு குரல் வந்தால் வைத்துவிட்டு மறுபடி சுழற்றுவார். இலவசம்தானே?

"சார், போன வாரம்தானே உங்களுக்கு இருக்கிறதுலயே சின்னத் திட்டமா மாத்திக் கொடுத்தேன்?"

"அது சரிம்மா. பேசாம இருக்கிறவங்களுக்குன்னு தனியா ஏதாவது இருக்கா?"

"பேசாம இருக்கிறதுக்கு போன் எதுக்கு சார்?"

"அவசரத்துக்கு."

"அவசரம்னா பேசுவீங்களா?"

ஸ்டோர் கீப்பர் யோசித்தார். "அது அவசரத்தைப் பொறுத்தது."

திட்டம் பற்றிய பேச்சு சீக்கிரம் தீர்ந்துவிடும். உடனே அந்த அம்மாள், சம்பளத்துக்குச் சொல்ல வேண்டிய கடைசி வாக்கியத்தைச் சொல்வாள்: "வேற ஏதாவது உதவி வேணுமா சார்?" அந்தக் கேள்வியை நம்பிப் பதில் சொன்ன ஒரே சந்தாதாரர் இவராகத்தான் இருக்க வேண்டும். தொழிற்சாலையில் புது மேலாளர் திருகாணியை எண்ணாமல் எடைபோட்டுக் கொடுக்கச் சொன்னது, கூடத்துச் சுவரில் ஈரம் ஏறுவது, அந்த அம்மாளின் முழங்கால் வலிக்கு எந்தத் தைலம் கேட்கும் என்பது எல்லாம் வரிசையாக வரும். மகள் உண்டாகியிருக்கிற சேதியைத் தெருவில் யாரும் அறியும் முன்னால் அறிந்தவள் அவள்தான். பெயர் வைப்பது பற்றிக்கூட அவளிடம் யோசனை கேட்டார்.

மகளிடம்? மாதத்துக்கு ஒருமுறை, மனைவியின் முகத்துக்குப் பயந்து பெட்டியைத் திறந்துகொடுப்பார். கடைசியாகத் தானும் வாங்கிப் பேசுவார். "நல்லா இருக்கியா? சரி, வெச்சுடு." அவள் ஏதோ சொல்ல ஆரம்பிப்பாள். அதற்குள் போன் பெட்டிக்குள் போயிருக்கும்.

"முன்னப்பின்ன தெரியாதவகிட்ட முழங்கால் வரைக்கும் விசாரிக்கிறீங்க. பெத்த பொண்ணுகிட்ட பேச வார்த்தை இல்லையா?" என்றாள் மனைவி.

"அது இலவசம். இது காசு," என்றார். அவரைப் பொறுத்தவரை அதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை.

பிரசவம் நெருங்கியது. பயணம் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டதால் மகள் அந்த ஊரிலேயே இருந்தாள். வலி எடுத்ததும் அம்மா பக்கத்தில் இருக்க வேண்டும் என்பது அவளுடைய ஒரே ஆசை. ஸ்டோர் கீப்பர் அதற்கென்று தனிக் குறியீடு வகுத்தார். சாப்பாட்டு விஷயத்தைத் தற்காலிகமாக ரத்து செய்தார். இனி இரண்டு மணி என்றால் வலி எடுத்துவிட்டது, கிளம்பி வரவும். மூன்று என்றால் ஆண். நான்கு என்றால் பெண். எழுதிச் சுவரில் ஒட்டலாமே என்றான், பின்கட்டு அறையில் தங்கியிருக்கும் மச்சினன். தாள் என்ன சும்மா வருகிறதா என்று கேட்டுவிட்டார். மனைவி துணிமணியை ஒரு பையில் அடைத்துக் கதவோரம் வைத்துவிட்டு, போகும்போதும் வரும்போதும் அந்தப் பெட்டியின் துளையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

சனிக்கிழமை சாயங்காலம் மணி அடித்தது. ஒன்றோடு நின்றது. அவள் பையின் காதைப் பிடித்தபடி இரண்டாவதற்காக நின்றாள். வரவில்லை.

"நலம்," என்றார் ஸ்டோர் கீப்பர்.

அவள் பையைக் கீழே வைத்தாள். "ஒரு தடவை பேசிப் பாத்துடலாமே."

"நலமா இருக்கிறவகிட்ட என்னன்னு பேசறது?"

மறுநாள் மத்தியானம் மறுபடி அடித்தது. மூவரும் கூடத்தில் நின்று விரலை மடக்கினார்கள். இரண்டு தாண்டியது. மூன்று, நான்கு தாண்டியது. ஐந்தில் ஸ்டோர் கீப்பரின் முகம் வெளுத்தது. ஏழில் நின்றது.

ஏழுக்குக் குறியீடு கிடையாது.

"மூணும் நாலும் ஏழு. ரெட்டைக் குழந்தை மாமா. ஒண்ணு ஆண், ஒண்ணு பெண்," என்றான் மச்சினன். அவன் பேருந்துப் பணிமனையில் நேரக் காப்பாளன். எண் என்றால் அவனுக்கு உற்சாகம் வந்துவிடும்.

"அஞ்சும் ரெண்டும்கூட ஏழுதான். வலி எடுத்திருக்கு, பணம் அனுப்பணும்," என்றார் ஸ்டோர் கீப்பர் கவலையாக.

"ரெண்டு, ரெண்டு, மூணுன்னு வெச்சா? வலி, மறுபடி வலி, அப்புறம் ஆண்."

மனைவி இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். "ஏழு அடிச்சா, எடுத்துப் பேசுங்கன்னு அர்த்தம்."

"அப்படி ஒரு குறியீடே நான் வைக்கலையே," என்றார் அவர். உண்மையாகவே குழம்பிப்போயிருந்தார்.

இந்த இடத்தில் வேறு எந்தத் தகப்பனும் மகளுக்கு போன் செய்திருப்பான். ஸ்டோர் கீப்பர் பெட்டியைத் திறந்து, உதவிப் பிரிவுக்குச் சுழற்றினார். அடித்தது ஒரே அழைப்பா, இரண்டு அழைப்பா என்று அலுவலகத்தில் பார்த்துச் சொல்ல முடியுமா என்பது அவர் கேள்வி. அந்த அம்மாள் பொறுமையாகக் கேட்டாள். குறியீடு முழுவதையும் கேட்டாள். 

"சார், அங்க அவங்க காதுல கேக்கிற மணி வேற. உங்க வீட்டுல அடிக்கிற மணி வேற. ரெண்டும் ஒண்ணாப் போகாது. அங்க ரெண்டு கேட்டிருந்தா இங்க ஒண்ணுதான் அடிச்சிருக்கும். சில சமயம் கூடவும் அடிக்கும்."

"எப்பவுமேவா?"

"எப்பவுமே அப்படித்தான் சார்."

அண்ணன் பசியோடு வாசலில் நின்றது அவருக்கு நினைவு வந்தது. அதற்குப் பின்னால் இத்தனை வருஷத்து நலங்களும் வரிசையாக வந்து நின்றன. அதில் எது நலம், எது நலமில்லை? கடைசியில் நேற்றுச் சாயங்காலம் அடித்த அந்த ஒன்றும் வந்து நின்றது. கதவோரம் இருந்த பையை அவர் பார்க்கவில்லை. பார்க்க முடியவில்லை.

"சார், இருக்கீங்களா? முதல்ல வைங்க. நீங்க என்கிட்ட பேசிக்கிட்டிருந்தா அவங்க எப்படிக் கூப்பிடுவாங்க?"

வேறு ஏதாவது உதவி வேண்டுமா என்று அவள் கேட்கவில்லை. இவரும் எதிர்பார்க்கவில்லை. வைத்தார். வைத்த கை எடுப்பதற்குள் அடித்தது. பாவம், பழக்கம் விடுமா? அவர் கட்டைவிரல் தானாகவே மடங்கியது. மனைவி அவரைத் தாண்டிப் போய் எடுத்தாள்.

மாப்பிள்ளைதான். நேற்றே இரண்டு அடித்தேனே, ஏன் யாரும் வரவில்லை என்று கேட்டார். யாராவது எடுப்பார்கள் என்றுதான் இன்றைக்கு விடாமல் அடித்தாராம். இராத்திரியே பிறந்துவிட்டது, பெண் குழந்தை, இரண்டு பேரும் சௌக்கியம். அவள்தான் அம்மா வந்தாச்சா, வந்தாச்சா என்று கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள். மனைவி நின்றபடி கேட்டுக்கொண்டாள். கணவரை ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் அவருக்குக் கொஞ்சம் தேவலையாக இருந்திருக்கும். மகளிடம் பேசினாள், அழுதாள், சிரித்தாள், பேத்தியின் மூக்கு யாரைப்போல என்று விசாரித்தாள். பிறகு போனை அவரிடம் நீட்டினாள். "உங்ககிட்ட பேசணுமாம்."

"அப்பா," என்றது குரல்.

"நல்லா இருக்கியா?"

"நல்லா இருக்கேன்பா."

"சரி..." என்றவர் அடுத்த வார்த்தையைப் பல்லுக்குள் பிடித்துக்கொண்டார். வைக்கக் கூடாது. இப்போது வைத்தால் அவர் மனுஷனே இல்லை. ஆனால் என்ன பேசுவது? மகளோடு போனில் பேசிப் பழகியிருந்தால் அல்லவா வரும்? அவருக்குத் தெரிந்த தொலைபேசிப் பேச்சு ஒன்றே ஒன்றுதான். அதைக் கேட்டார்.

"வேற ஏதாவது உதவி வேணுமாம்மா?"

 அந்தப் பக்கத்திலிருந்து சிரிப்பா அழுகையா என்று சொல்ல முடியாத ஒன்று வந்தது.

"வேணும்பா. அம்மாவை உடனே அனுப்புங்க. நீங்க வைக்காதீங்க. ஏதாவது பேசிக்கிட்டே இருங்க."

மனைவி பையைத் தூக்கிக்கொண்டாள். மச்சினன் பஸ் ஏற்றிவிடக் கூடவே ஓடினான். அவர்கள் தெருமுனை திரும்பும்போது, திருகாணியை எடைபோட்டுக் கொடுக்கச் சொன்ன மேலாளரைப் பற்றி ஸ்டோர் கீப்பர் மகளிடம் விலாவாரியாக ஆரம்பித்திருந்தார். பேசிய காசு மாப்பிள்ளையுடையது. அது யார் காசு என்று அன்றைக்கு அவர் யோசிக்கவில்லை.

நல்லவேளை, அந்த இனம் அதோடு அழிந்தது என்று நீங்கள் நிம்மதியாகச் சாய்ந்துகொள்ளலாம். இப்போது எந்த வீட்டில் போனைப் பெட்டிக்குள் பூட்டுகிறார்கள்? உங்கள் கையிலேயே ஒன்று இருக்கிறது. எவ்வளவு பேசினாலும் ஒரே காசு. அம்மா கூப்பிடுகிறார். திரையில் பெயர் தெரிகிறது. நீங்கள் எடுப்பதில்லை. அடித்து ஓயும்வரை அதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, ஓய்ந்ததும், "என்னம்மா, ஏதாவது அவசரமா?" என்று தட்டி அனுப்புகிறீர்கள். ஸ்டோர் கீப்பராவது காசை மிச்சம் பிடித்தார். உங்கள் கணக்கு என்ன?

இதைப் படிக்க உட்கார்ந்ததிலிருந்து அது இரண்டு முறை அடித்து ஓய்ந்துவிட்டது. யார் என்று பார்த்தீர்களா?