முகாரிக்கு மேல் சிரித்த குழந்தை

சாத்தூர்,
ஆவணி 12.

அன்புள்ள மாப்பிள்ளை சங்கரலிங்கம் அவர்களுக்கு, மைத்துனன் கோட்டைச்சாமி எழுதிக்கொள்வது. இங்கே மகன், மருமகள் பானுப்பிரியா எல்லோரும் சுகம். என் மனம் மட்டும் சுகமில்லை. அங்கே தாங்களும் என் தங்கை நாகஜோதியும் சுகமாகத்தான் இருப்பீர்கள். அவமானம் நடந்தது உங்களுக்கு இல்லையே.

இதை மாப்பிள்ளைக்கு வந்த கடிதமாக நினைக்க வேண்டாம். ஞாயிறு இசை வட்டத்தின் செயலாளருக்கு வந்த கடிதம். இத்துடன் என் ராஜினாமாவும் இருக்கிறது. காசிராஜன் ஒன்பது உறுப்பினர்கள் முன்னால் என்னிடம் வருத்தம் தெரிவிக்காதவரை, பதினொரு வருடமாக நான் உட்கார்ந்த ஜன்னலோர நாற்காலியில் இனி உட்கார மாட்டேன். வாட்ஸ்அப் குழுவிலிருந்தும் விலகிவிட்டேன். விலகி ஆறு நாள் ஆகிறது, ஒருவரும் திரும்பக் கூப்பிடவில்லை. கவனித்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன், பதிவேட்டில் ஏற்றுங்கள். ஆண்டு விழாவுக்கு ஆளுக்கொரு பிடித்த ஒலிப்பதிவும், அதைக் கேட்டு மனதில் எழுந்ததை வரைந்த படமும் கொண்டுவர வேண்டும் என்று அறிவித்தது தாங்கள், யோசனை என்னுடையது. ஒரு ராகத்துக்கு ஒரே ஒரு நிறம்தான் உண்டு, காதைத் திறந்து கேட்கிற எவனுடைய தூரிகையும் அந்த நிறத்தில்தான் போய் நிற்கும் என்பது என் கொள்கை. இதை எனக்கு எந்தப் பள்ளிக்கூடமும் சொல்லித்தரவில்லை. சிவகாசி அச்சகத்தில் முப்பத்தெட்டு வருடம் பட்டாசு லேபிளுக்கு மை கலக்கியவன் நான். பக்கத்தில் ரேடியோ பாடிக்கொண்டே இருக்கும். தோடி பாடிய நாளில் நீலம் ஒரு கரண்டி கூடிப்போகும், முதலாளி திட்டுவார். அவருக்குக் காது இல்லை.

நான் எடுத்துக்கொண்டது என் பழைய கேசட். விருதுநகர் பங்குனிப் பொங்கலில் சாமி ஊர்வலத்துக்குப் பக்கத்திலேயே நடந்து நான் பதிவுசெய்த நாகஸ்வரம். ஒன்பதாவது நிமிடத்தில் எவனோ காலடியில் வெடியைப் போட, "ஏலே, தள்ளிப் போடுலே" என்று ஒரு அதட்டல் கேட்கும். அது என் குரல். கேசட் உறையில் 'முகாரி' என்று என் கையாலேயே எழுதியிருக்கிறேன். பதினொரு நாள் அதையே போட்டுக் கேட்டு வரைந்தேன். முகாரி சோகம் என்பதால் சாம்பலும் கருநீலமும் குழைத்து வைத்திருந்தேன். தூரிகையோ மஞ்சளை விட்டு நகர மாட்டேன் என்றது. மூன்றாம் நாள்தான் புரிந்தது, சோகத்தின் உச்சம் மஞ்சள். இதுவரை யாரும் சொல்லாதது. பானுப்பிரியா காப்பி கொண்டுவந்து வைத்துவிட்டு, "மாமா, இதக் கேட்டா சோகமாவே இல்லியே" என்றாள். "அது உள்ளுக்குள்ள இருக்கும்மா, ஒனக்கு வயசு காணாது" என்று அனுப்பிவிட்டேன்.

படத்தின் கீழே ராகத்தின் பெயரை எழுதினேன். ஓவியன் செய்கிறபடி கையெழுத்தும் தேதியும் போட்டேன். விழாவில் ஆளுக்கொரு பிரதி கொடுக்கலாமே என்று, பழைய அச்சகத்துக்குப் பஸ் ஏறிப் போய், மேலாளர் பிரபாகரன் சாப்பிடப் போயிருந்ததால் அவர் மேஜையில் வைத்துவிட்டு வந்தேன். நான் செய்த ஒரே தவறு இது, இதுவும் தவறில்லை. தீபாவளி சீசன், அந்த மேஜை நிறைய லேபிள் மாதிரிகள். அந்த அச்சகத்தில் முப்பத்தெட்டு வருடமாக என் கையெழுத்துக்கு ஒரே அர்த்தம், நிறம் சரி, ஓட்டலாம். ஓட்டிவிட்டார்கள். நாலாம் நாள் போய்ப் பார்த்தால் நாற்பதாயிரம் லேபிள் அடித்து, வெட்டி, கட்டி, பட்டாசுக் கம்பெனிக்குப் போயாகிவிட்டது. 'முகாரி, அறுபது ஷாட்' என்று வெடிக்குப் பெயர் வைத்து, என் மஞ்சளுக்கு நடுவே கம்பி மத்தாப்புப் பிடித்துக்கொண்டு சிரிக்கிற குழந்தை ஒன்றையும் சேர்த்து, அடியில் 'திறந்த வெளியில் வைத்துக் கொளுத்தவும்' என்று போட்டிருக்கிறார்கள்.

"ஏம்ப்பா, என்னன்னு ஒரு வார்த்த கேக்க மாட்டியா?" என்று பிரபாகரனிடம் கேட்டேன்.

"கீழ ஒங்க கையெழுத்துல்லா கெடந்துச்சு அண்ணாச்சி. அதுக்கு மேல நாங்க யாரப் போய்க் கேக்க?"

"கொழந்தை எங்கருந்து வந்துச்சு?"

"படம் வெறிச்சுன்னு இருந்துச்சு. கொழந்தை இல்லாத டப்பாவக் கடைக்காரங்க தொட மாட்டாகள்ல."

மூலப்படத்தை ஓரம் வெட்டும்போது எந்திரத்துக்குள் விட்டுத் துண்டாக்கிவிட்டார்களாம். ஆக, ஆண்டு விழாவுக்கு ஓவியம் என்று நான் கொண்டுவர முடிந்தது வெடி டப்பா ஒன்றுதான். அன்றைக்கென்று என் டேப் ரெக்கார்டரின் பெல்ட்டும் அறுந்தது. பாட்டைக் கேட்காமலே டப்பாவைப் பார்த்து எட்டுப் பேர் சிரித்தீர்கள். செயலாளர் அதிகமாகச் சிரித்தார்.

காசிராஜன் பேசியதைத்தான் என்னால் மறக்க முடியவில்லை. கூட்டம் அவருடைய மிளகாய் வத்தல் மண்டி மாடியில் நடக்கிறது என்பதற்காக எல்லா நிறமும் அவர் சரக்கா? "அண்ணாச்சி, சோகம் எப்பிடி மஞ்சளா இருக்கும்? கல்யாணப் பத்திரிகைக்குத் தடவுற நெறம்லா அது" என்றார். "நீங்க வெடி வெடிச்சா அழுவீகளோ?" என்று வேறு கேட்டார். பிறகு தன் படத்தை விரித்தார். பார்த்தால் அதுவும் மஞ்சள். அதே மஞ்சள். நான் எந்த டப்பாவிலிருந்து எத்தனை சொட்டு எடுத்தேனோ அத்தனை சொட்டு. "இது மோகனம். நம்ம சங்கரலிங்கம் எப்பவோ பிரதி எடுத்துக் குடுத்த பதிவு, எனக்கு இதுக்கு மேல பாட்டு கெடையாது" என்று தன் பெரிய ஸ்பீக்கரில் போட்டார். நிறத்தைத் திருடினவனின் பாட்டை நான் கேட்பதா? வத்தல் நெடிக்காக மூக்கில் வைத்திருந்த பஞ்சை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டேன். பதினேழு நிமிடமும் தும்மினேன், ஒரு சுரம்கூடக் காதில் விழவில்லை. பாட்டு முடிந்ததும் பஞ்சை எடுத்துவிட்டு, "உயிரில்லாத பதிவு, வெயிலில் வெளுத்த சுவரொட்டி" என்று என் கருத்தைச் சொன்னேன். இன்றுவரை அதில் மாற்றமில்லை.

ஆகவே செயலாளர் செய்ய வேண்டியது: காசிராஜன் வருத்தம் தெரிவிக்க வேண்டும். என் மஞ்சளைத் தன் படத்திலிருந்து அவர் எடுத்துவிட வேண்டும். முகாரிக்கும் மோகனத்துக்கும் வித்தியாசம் தெரியாத ஒருவர் வட்டத்தில் இருக்கலாமா என்று பொதுக்குழு முடிவுசெய்ய வேண்டும். பிரபாகரனுக்குத் தனியாக எழுதியிருக்கிறேன், அடுத்த முறை ஓட்டும்போது குழந்தையை நீக்கச் சொல்லி.

நாகஜோதியை வெயிலில் அலைய வேண்டாம் என்று சொல்லவும். பேரப்பிள்ளைகளுக்கு என் முத்தங்கள். இருக்கன்குடி மாரியம்மன் உங்கள் எல்லோருக்கும் நீண்ட ஆயுளையும், செயலாளருக்குக் கொஞ்சம் நியாய உணர்ச்சியையும் தரட்டும்.

இப்படிக்கு,
மனம் புண்பட்ட மைத்துனன்,
கோட்டைச்சாமி.

பின்குறிப்பு: கடிதத்தை ஒட்டப்போகும்போது, நாகஜோதி அனுப்பியதாக ஒரு பாட்டைப் பானுப்பிரியா போனில் போட்டாள். காசிராஜனின் பதிவு. யாருடையது என்று சொல்லாமல் போட்டாள், அதனால் கேட்டுவிட்டேன். ஒன்பதாவது நிமிடத்தில் வெடிச்சத்தம். "ஏலே, தள்ளிப் போடுலே." பானுப்பிரியா என்னைப் பார்த்தாள். நான் போய் டேப் ரெக்கார்டருக்குப் புது பெல்ட் மாட்டி, 'மோகனம்' என்று நான் எழுதிய உறையிலிருந்த மற்ற கேசட்டைப் போட்டேன். அது அழுகிறது, அதுதான் முகாரி. தாங்கள் பிரதி எடுக்க வாங்கிப்போய்த் திருப்பித் தந்தபோதோ என்னவோ, உறை மாறியிருக்கிறது. முப்பத்தெட்டு வருடம் லேபிள் அடித்தவன் லேபிளை நம்பாமல் யாரை நம்புவான்? காதில் கேட்டதை விட்டுவிட்டேன்.

ஆனால் ஒன்று கவனிக்கவும். காசிராஜன் விருதுநகரிலும் நான் சாத்தூரிலும் இருந்துகொண்டு, ஒருவருக்கொருவர் தெரியாமல், ஒரே பாட்டுக்கு ஒரே மஞ்சளைத் தொட்டிருக்கிறோம். என் கொள்கை நிரூபணமாகிவிட்டது. இதைப் பதிவேட்டில் ஏற்றுங்கள், மற்றதைக் கிழித்துவிடுங்கள். ஞாயிற்றுக்கிழமை மூன்றரை மணி பஸ்ஸில் வருகிறேன். ஜன்னலோர நாற்காலியைக் காசிராஜன் நாற்காலிக்குப் பக்கத்தில் போடவும், பஞ்சு கொண்டுவர மாட்டேன். பிரபாகரனுக்கும் போன் செய்துவிட்டேன். பெயரை மட்டும் மாற்றட்டும். மோகனம் என்றால், அந்தக் குழந்தை சிரிப்பதில் தப்பில்லை.