எல்லார் ரத்தத்திலும் பச்சை ஒளி

கிர்கிஸ்தான் தலைநகர் பிஷ்கெக் முழுக்க அப்போது ஒரே பேச்சு. ஓஷ் சந்தைக்குப் பின்னால் ‘பேராசிரியர்’ தெமிர்பொலோத் ஒரு சொட்டு ரத்தத்தில் ஆயுளையே பார்த்துச் சொல்கிறாராம். விடிந்ததும் வரிசை. கல்லூரி ஆசிரியர்கூட அதில் நின்றார். படித்தவனே நின்றால் படிக்காதவனுக்கு எங்கே சந்தேகம் வரும்?

எனக்கு வந்தது. நான் எட்டாம் வகுப்பைத் தாண்டாதவன். ஆனால் இருபத்திரண்டு வருஷம் ஓர் ஆராய்ச்சிக்கூடத்தில் எலிக்குத் தீனி போட்டுக் கண்ணாடி கழுவியவன்.

என் தங்கை புருல்சா காசநோய் மாத்திரையை நிறுத்திவிட்டாள். ஆறு மாசம் சாப்பிட வேண்டியதை இரண்டாம் மாசத்திலேயே.

"பேராசிரியர்தான் நிறுத்தச் சொன்னார்ண்ணே. மாத்திரை என் ரத்தத்தைக் கெடுக்குதாம். அவரோட சொட்டு மருந்துதான் சரிபண்ணுமாம்" என்றாள். இருமிக்கொண்டேதான் சொன்னாள்.

அவளோடு போனேன். திரை போட்ட இருட்டறை. வெள்ளைக் கோட்டில் தெமிர்பொலோத். கையில் சின்னக் குப்பி.

"இது ஆன்டிபாடி. நோயோட சண்டை போடுற அணு ரத்தத்துல இருக்கு. அதோட தோல்மேல ஏற்பின்னு ஒரு வாசல். கெட்டுப்போன வாசலை மட்டும் இது தேடிப்போய் ஒட்டிக்கும். ஒட்டினா மின்னும்" என்றான்.

கண்ணாடித் துண்டில் ரத்தம், குப்பியிலிருந்து ஒரு சொட்டு, ஊதா டார்ச். பச்சை. அடுத்தவர். பச்சை. அதற்கடுத்தவரும் பச்சை. நகரத்தில் நல்ல ரத்தமே இல்லை போலும்.

அந்தக் குப்பி எனக்குத் தெரியும். எங்கள் ஆராய்ச்சிக்கூடத்தில் காலாவதியானதைக் குப்பையில் போடுவதே நான்தான். எலியின் உயிரணுவில் இருக்கும் ஏற்பியைப் பார்க்க வைத்திருப்பது. பச்சைச் சாயம் சேர்த்திருக்கும். எங்கள் கூடத்துப் பெண்கள் அதை ஊற்றியபின் மூன்று தரம் கழுவுவார்கள். கழுவியும் போகாமல் நிற்கிற பச்சைக்குத்தான் அர்த்தம். இவன் ஒரு தரம்கூடக் கழுவவில்லை.

புருல்சாவை வரிசையில் நிறுத்திவிட்டு வெளியே போய்வந்தேன். என் முறை வந்ததும் சிவப்புச் சொட்டு வைத்த ஒரு கண்ணாடித் துண்டை நீட்டினேன்.

"என் வீட்டுக்காரி. எழுந்து வரமுடியல."

சொட்டு விட்டான். டார்ச் அடித்தான். முகத்தைச் சோகமாக்கினான்.

"வெண்தாடியாரே, வாசல் மொத்தமும் போச்சு. மூணு மாசம் மருந்து எடுக்கணும். அவங்களுக்கு மூட்டுவலி உண்டா?"

"சந்தைக் கடையில வாங்கின பீட்ரூட் சூப்பு தம்பி. அதுக்கு மூட்டு இருக்கான்னு கடைக்காரிகிட்டதான் கேக்கணும்."

வரிசையில் யாரோ சிரித்தார்கள்.

"காய்க்கும் உயிர் இருக்கு" என்றான்.

"சரி. ஒண்ணுமில்லாத கண்ணாடில விடு."

அவன் விடவில்லை. புருல்சா குப்பியைப் பிடுங்கினாள். துடைத்த கண்ணாடியில் ஒரு சொட்டு விட்டு டார்ச்சை அடித்தாள். பச்சை.

"இது யாரோட ரத்தம்?" என்று கேட்டாள்.

தெமிர்பொலோத் பின்கதவுப் பக்கம் நகர்ந்தான். கல்லூரி ஆசிரியர் குப்பியை வாங்கிச் சீட்டைப் படித்தார்: எலி உயிரணு ஆராய்ச்சிக்கு மட்டும். மனிதருக்குப் பயன்படுத்தக் கூடாது.

"மூணு நாளா வந்தீங்களே சார், இதைப் படிக்கலையா?" என்று கேட்டேன்.

"படிக்கத் தோணல" என்றார். பட்டம் வாங்கியவர் பேசுகிற பேச்சு.

சந்தடியில் தெமிர்பொலோத் பின்கதவு வழியாக நழுவிவிட்டான். புருல்சாவை மருத்துவமனைக்கு இழுத்துப்போனேன். மாத்திரையை முதல் நாளிலிருந்து தொடங்கச் சொன்னார்கள். தொடங்கினாள்.

அவன் வேறு ஊரில் வேறு நிறம் காட்டுவான். அங்கேயும் வரிசை நிற்கும். நிற்கிறவர்களுக்குச் சொல்கிறேன்: உங்கள் ரத்தத்தைக் கொடுப்பதற்கு முன் ஒரு சொட்டுத் தண்ணீரைக் கொடுத்துப் பாருங்கள். தண்ணீருக்கும் நோய் என்று அவன் சொல்லி, அதையும் நீங்கள் நம்பினால், வைத்தியம் பார்க்கவேண்டியது உங்கள் மூளைக்கு.